பழைய ட்ரக்ல ஹீட்டர் பேன் கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடுது, மேடு ஏறினா காத்து கண்ணாடிப் பக்கம் போயிடுது – இந்த சிஸ்டம் எப்படித்தான் வேலை செய்யுது?

புதுசாரதி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது பழைய 12 வோல்ட் பெட்ரோல் ட்ரக், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்து வண்டி, டாஷ்போர்டுல ரெண்டு லிவர், ஒரு பேன் சுவிட்ச், அவ்ளோதான். பேன்ல நாலு ஸ்பீடு இருக்கு. இப்ப 1, 2, 3ல வச்சா சத்தமே இல்ல, 4ல வச்சா மட்டும் முழு வேகத்துல அடிக்குது. ரெசிஸ்டர் போயிருக்கும்னு ஒர்க்ஷாப்ல மாத்திக் குடுத்தாங்க, கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு, திரும்ப அதே நிலைமை. இன்னொண்ணு, மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினா முகத்துக்கு வந்துட்டிருந்த காத்து தானா முன் கண்ணாடிப் பக்கம் போயிடுது, சமதளம் வந்து காலைத் தளர்த்தினா திரும்ப முகத்துக்கு வருது. ரெண்டும் ஒரே கோளாறா வேற வேறயா? எந்த பார்ட்டை மாத்தணும்னு மட்டும் சொல்லாம எப்படி வேலை செய்யுதுன்னும் சொன்னீங்கன்னா நல்லாருக்கும், புரிஞ்சுக்கிட்டு செய்யத்தான் ஆசை.

ஒயரிங்_பெட்டி:
ரெண்டும் வேற வேற தம்பி. ஒண்ணு கரண்ட் சம்பந்தப்பட்டது, இன்னொண்ணு வேக்குவம், அதாவது இன்ஜினோட உறிஞ்சல், சம்பந்தப்பட்டது. வேக்குவத்தை நல்லா சொல்ல இங்க ஆள் இருக்காங்க, நான் பேனைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ப்ளோயர் மோட்டார் சாதாரண டிசி மோட்டார்தான். முழு வோல்ட் குடுத்தா முழு வேகம், வோல்ட்டைக் குறைச்சா வேகம் குறையும். பழைய வண்டில வோல்ட்டைக் குறைக்க என்ன பண்ணாங்கன்னா, நடுவுல ரெசிஸ்டர் கம்பிச் சுருளைப் போட்டு வேண்டாத வோல்ட்டை அங்கயே சூடா கழிச்சு விட்டாங்க. நாலு ஸ்பீடு வண்டின்னா பெரும்பாலும் மூணு சுருள் வரிசையா இருக்கும். 1ல வச்சா மூணு சுருளையும் தாண்டித்தான் கரண்ட் மோட்டாருக்குப் போகும், 2ல ரெண்டு, 3ல ஒண்ணு, 4ல சுருளே கிடையாது, நேரா மோட்டாருக்கு. இந்தச் சுருளெல்லாம் மாட்டியிருக்கற தட்டுலயே ஒரு தெர்மல் ப்யூஸும் இருக்கும், சூடு அளவு மீறினா அது அறுந்துடும், அது அறுந்தா 1, 2, 3 மூணும் ஒரே நேரத்துல போயிடும், 4 மட்டும் உயிரோட இருக்கும். உன் வண்டில நடக்கறது இதுதான்.

இதுல இருந்து மத்த கோளாறையும் நீயே கண்டுபிடிக்கலாம். 1 மட்டும் செத்து 2, 3, 4 ஓடினா கடைசிச் சுருள் மட்டும் அறுந்திருக்கு. 1, 2, 3 ஓடி 4 மட்டும் ஓடலைன்னா ரெசிஸ்டரைத் தொடவே வேண்டாம், 4க்குன்னு தனியா இருக்கற ரிலே (கரண்ட்டால இயங்கற சுவிட்ச்), இல்ல அதோட ப்யூஸ், இல்ல சுவிட்ச்ல அந்த ஒரு காண்டாக்ட். நாலுமே ஓடலைன்னா ப்யூஸ், மோட்டார், எர்த் (வண்டி பாடியோட சேர்ற ஒயர்), இந்த வரிசைல பாரு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். புது ரெசிஸ்டர் கொஞ்ச நாள்ல போச்சுன்னா ரெசிஸ்டர் மேல தப்பு இல்ல, அதை எரிக்கறது வேற எதோ இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம எத்தனை தட்டு மாத்தினாலும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். ஒரு கணக்கு பாரு. 1ல வச்சிருக்கும்போது 5 ஆம்பியர் போகுது, சுருள்ல 7 வோல்ட் விழுதுன்னு வச்சுக்கோ, 35 வாட் சூடு அந்த உள்ளங்கை அளவு தட்டுல வருது. மோட்டார் தண்டைத் தாங்கற புஷ் தேஞ்சு இறுக்கமா சுத்துச்சுன்னா வேகம் குறையும், வேகம் குறைஞ்சா மோட்டார் உள்ள உருவாகற எதிர் வோல்ட் குறையும், அது குறைஞ்சா இன்னும் அதிக கரண்ட் இழுக்கும். 5 ஆம்பியர் 7 ஆச்சுன்னா சூடும் அந்தக் கணக்குல கொஞ்சமா ஏறும்னு நினைக்காத, கரண்ட்டோட வர்க்கத்துக்குத்தான் சூடு ஏறும், 7 ஆம்பியர்ல கிட்டத்தட்ட ரெட்டிப்பா ஆயிடும், 35 வாட் எழுபதுகிட்ட போயிடும். சுருள் தாங்குமா? அதனால அடுத்த தட்டு வாங்கறதுக்கு முன்னாடி கிளாம்ப் மீட்டரை மோட்டார் ஒயர்ல மாட்டி 4ல எவ்ளோ ஆம்பியர்னு பாத்து இங்க எழுது. டிசி ஆம்பியர் காட்டற கிளாம்ப் மீட்டரா இருக்கணும், ஏசி கரண்ட் மட்டும் அளக்கற மீட்டர் இதுக்கு உதவாது.

டீசல்புகை:
அண்ணன் சொன்னதோட இன்னொரு காரணத்தையும் சேத்துக்கங்க, அது காத்து. ரெசிஸ்டர் தட்டை ஏன் காத்து போற பெட்டிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கற மாதிரி வச்சிருக்காங்க? அதே பேன் அடிக்கற காத்துலதான் அது ஆறணும். காத்து குறைஞ்சா சூடு தங்கிடும், தெர்மல் ப்யூஸ் அறுந்துடும். அதனால தட்டைக் கழட்டி வெளில மேஜை மேல வச்சு கரண்ட் குடுத்து டெஸ்ட் பண்றேன்னு ஆரம்பிச்சா நல்ல தட்டையும் நாமளே எரிச்சிடுவோம். மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாத்தா போதும்.

காத்து ஏன் குறையும்னா பழைய ட்ரக்ல வெளிக்காத்து உள்ள வர்ற வழி முன் கண்ணாடிக்குக் கீழ, வைப்பர் பக்கத்துல இருக்கற சல்லடை. மரத்தடில நிக்கற வண்டின்னா இலை, பூ, விதை எல்லாம் அதுல விழுந்து நேரா ப்ளோயர் பெட்டிக்கு வந்துடும். மோட்டாரைச் சுத்தி இருக்கற ஸ்க்ரூவைக் கழட்டி மெதுவா இழுத்தீங்கன்னா மோட்டாரும் அந்த வட்டமான கூண்டு மாதிரி வீலும் ஒண்ணா வெளில வரும். வீல் பிளேடுக்கு நடுவுல பாருங்க, தூசியும் எண்ணெயும் சேந்து கறுப்பா அப்பி, பிளேடோட பள்ளமே தெரியாம அடைஞ்சிருக்கும், அப்படி அடைஞ்ச வீல் சுத்தும் ஆனா காத்தை அள்ளாது. இப்ப டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பாருங்க, ஏசி வச்ச வண்டின்னா காயில் முகப்புல இலை மக்கி கம்பளம் விரிச்ச மாதிரி படிஞ்சிருக்கும். எலி கூடு கட்டியிருந்தா பஞ்சும் கிழிஞ்ச பேப்பரும் கிடைக்கும், அப்ப கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கங்க, காஞ்ச எலிப் புழுக்கைத் தூசியை மூச்சுல இழுக்கறது உடம்புக்கு ரொம்ப ஆபத்து, தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு எடுங்க.

ஒயரிங்_பெட்டி:
கரெக்ட். இன்னும் ஒண்ணு விட்டுட்டேன், கனெக்டர். ரெசிஸ்டர் ப்ளக்கைப் பிடுங்கிப் பாக்கும்போது பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருக்கான்னு பாரு. பின் தளர்ந்து போனா அந்த இடத்துலயே சூடு உருவாகும், அந்தச் சூடு பின்னை இன்னும் தளர வைக்கும், இப்படியே ஏறிக்கிட்டே போகும். உருகின பழைய ப்ளக்லயே புது தட்டைச் சொருகினா அது நிக்காது. ஒயர் நுனியை நல்ல செம்பு தெரியற வரைக்கும் வெட்டி, புது ப்ளக்கை அதே தடிமன் ஒயரோட க்ரிம்ப் பண்ணணும், வெறுமனே முறுக்கி டேப் சுத்தினா இவ்ளோ கரண்ட் போற இடத்துல தாங்காது.

ஷார்ட்கட்:
எதுக்கு இவ்ளோ பேச்சு? தெர்மல் ப்யூஸ் அறுந்திருந்தா அதுக்குக் குறுக்கே ஒரு ஒயரை வச்சு சால்டர் பண்ணிட்டா முடிஞ்சுது, மூணு ஸ்பீடும் வந்துடும். நிறைய பேர் அப்படித்தான் ஓட்றாங்க.

ஒயரிங்_பெட்டி:
தயவு செஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. அந்த ப்யூஸ் அங்க இருக்கறதே தீ பிடிக்காம இருக்கத்தான். மோட்டார் ஏதோ ஒரு நாள் இறுகி நின்னுடுச்சுன்னு வைங்க, மோட்டார் சுத்தாததால காத்தும் இல்ல, கரண்ட்டும் உச்சத்துல போகுது, சுருள் சிவக்கும். அதைச் சுத்தி பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள்ள காஞ்ச இலை, எலி பஞ்சு. 30 ஆம்பியர் மெயின் ப்யூஸ் இந்தச் சூட்டைக் கண்டுக்காது, ஏன்னா சுருள் வழியா போற கரண்ட் 30ஐத் தொடாது. அந்த இடத்துல காப்பாத்தறது தெர்மல் ப்யூஸ் ஒண்ணுதான். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

ஷார்ட்கட்:
மெயின் ப்யூஸ் காப்பாத்திடும்னு நினைச்சேன், சுருள்ல கரண்ட் கம்மியா இருக்கறதால அது அறுகாதுன்னு இப்ப புரியுது. அப்ப ரெசிஸ்டரையே தூக்கிட்டு எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர் வச்சா என்ன? அதுல சூடும் கம்மிதானே.

கேபின்காத்து:
வைக்கலாம், பின்னால வந்த வண்டிகள்ல கம்பெனியே அதுக்கு மாறிட்டாங்க. கரண்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆஃப் பண்ணி சராசரி வோல்ட்டைக் குறைக்கும், சுருள் மாதிரி சூடா கழிக்காது. ஆனா தாங்குற ஆம்பியர் மோட்டார் இழுக்கறதை விட நல்லா அதிகமா இருக்கணும், மோட்டார் கிளம்பற அந்த முதல் நொடில சாதாரணத்தை விடப் பல மடங்கு இழுக்கும், சின்ன கன்ட்ரோலர் அங்கயே செத்துடும். ரேடியோல இரைச்சல் கேக்கும் சில நேரம். என்னைக் கேட்டா பழைய வண்டிக்கு ரெசிஸ்டரே நல்லது, எங்க போனாலும் யாராலயும் ரிப்பேர் பண்ண முடியும், மோட்டார் சரியா இருந்தா வருஷக்கணக்கா ஓடும்.

சரி புதுசாரதி, உங்க மேடு கதைக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச சப்ஜெக்ட் இது. பேன் காத்தைத் தள்ளும், எங்க தள்ளணும்னு முடிவு பண்றது பெட்டிக்குள்ள இருக்கற கதவுகள். முகம், கால், கண்ணாடி இதுக்கு ஒண்ணோ ரெண்டோ கதவு, சூட்டைக் கலக்க ஒரு கதவு, வெளிக்காத்தா உள்காத்தான்னு ஒரு கதவு. இந்தக் கதவுகளை ஆட்ட ரெண்டு வழி இருந்துச்சு, ஒண்ணு கேபிள், இன்னொண்ணு வேக்குவம். உங்க வண்டில சூட்டுக்கு கேபிளும் திசைக்கு வேக்குவமும் இருக்கு போல.

பெட்ரோல் இன்ஜின்ல த்ராட்டில் (இன்ஜினுக்குப் போற காத்தைத் திறந்து மூடற தகடு) மூடியிருக்கும்போது இன்டேக் மேனிபோல்டுல (அந்தக் காத்தை சிலிண்டருக்குக் கொண்டு போற குழாய்) நல்ல உறிஞ்சல் இருக்கும், நல்ல இன்ஜின்னா ஐடில்ல 17லருந்து 21 அங்குலம் பாதரசம் வரைக்கும் காட்டும். அந்த உறிஞ்சலை மெல்லிய குழாய் வழியா டாஷ்போர்டுக்குக் கொண்டு வந்து, லிவர்க்குப் பின்னால ஒரு வால்வு மூலமா பிரிச்சு, கதவோட ஒட்டியிருக்கற டயாப்ரம் (ரப்பர் சவ்வு) டப்பாக்களுக்கு அனுப்புவாங்க. டயாப்ரம் உள்ள இழுத்தா கதவு ஆடும். உறிஞ்சல் போனா ஸ்ப்ரிங் கதவைப் பழைய இடத்துக்குத் தள்ளிடும். அந்தப் பழைய இடம் பெரும்பாலான வண்டில கண்ணாடிப் பக்கம்தான், வேணும்னே அப்படி டிசைன் பண்ணது. குழாய் அறுந்தாலும் டிரைவருக்கு முன்னால ரோடு தெரியணும், முகத்துக்குக் காத்து வரலைன்னா யாரும் சாகப் போறதில்ல. அந்த டிசைன் பண்ண ஆளை நினைச்சா எனக்கு மரியாதைதான் வருது.

இப்ப மேடு. ஆக்சிலேட்டரை அழுத்தினா த்ராட்டில் திறக்கும், மேனிபோல்டு உறிஞ்சல் கிட்டத்தட்ட காணாமப் போயிடும். அந்த நேரத்துக்குத்தான் ஒரு சேமிப்பு டப்பாவும், மேனிபோல்டு பக்கம் திரும்பிப் போகாம தடுக்க ஒரு ஒருவழி வால்வும் வச்சிருப்பாங்க. ரெண்டும் நல்லா இருந்தா எவ்ளோ நீள மேடா இருந்தாலும் காத்து திசை மாறாது. மாறுதுன்னா ஒருவழி வால்வு பழுது, இல்ல டப்பா ஓட்டை, இல்ல எங்கயோ குழாய் வெடிச்சிருக்கு. இன்ஜினை ஐடில்ல ஓட விட்டு காத்தை முகத்துக்கு வச்சுட்டு இன்ஜினை ஆஃப் பண்ணி சாவியை மட்டும் ஆன்ல வைங்க, பேன் ஓடணும். உடனே கண்ணாடிக்கு மாறிட்டா வால்வோ குழாயோ கசியுது. வால்வைக் கழட்டி வாயால ஊதிப் பாருங்க, ஒரு பக்கம்தான் போகணும். குழாய்னா இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்துல வளையற இடமும், தீச்சுவர் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) ரப்பர் வழியா உள்ள நுழையற இடமும் முதல்ல பாருங்க, தொட்டாலே நொறுங்கும். கைல பிடிக்கற வேக்குவம் பம்ப் கிடைச்சா ஒவ்வொரு டயாப்ரத்தையும் தனித்தனியா இழுத்துப் பாக்கலாம், முள்ளு இறங்காம நிக்கணும்.

இதைச் சும்மா விடாதீங்க. பெட்ரோல் இன்ஜின்ல இந்தக் குழாய் கசிஞ்சா கூடுதல் காத்து இன்ஜினுக்குள்ள போகும், ஐடில் நடுங்கும்.

ராத்திரிஓட்டம்:
நான் ஓட்றது பெரிய டீசல், 24 வோல்ட். டீசல்ல த்ராட்டில் கிடையாதே, வேக்குவம் எங்க இருந்து வரும்? என் வண்டில ஹீட்டர் போட்டா வெதுவெதுன்னுதான் வருது, ராத்திரி மலை ரோட்டுல கால் விறைச்சுப் போகுது, அதுக்கும் வழி சொல்லுங்க.

கேபின்காத்து:
சின்ன டீசல்ல ஆல்டர்னேட்டர் பின்னாலயோ பெல்ட்டுலயோ ஒரு வேக்குவம் பம்ப் ஓடும், பிரேக் பூஸ்டருக்கும் அதுதான். ஏர் பிரேக் வச்ச பெரிய வண்டில டேங்க்ல காத்து இருக்கறதால சில மாடல்ல சின்ன ஏர் சிலிண்டர் வச்சே கதவை ஆட்டுவாங்க. ஆனா நிறைய பெரிய லாரில வெறும் கேபிள்தான். ஹீட்டர் கேபிள் பிரேக் கேபிள் மாதிரி இழுக்க மட்டும் இல்ல, தள்ளவும் செய்யணும், அதனால உள்ள ஒத்தைக் கம்பியா விறைப்பா இருக்கும், ஒரு இடத்துல மடங்கிடுச்சுன்னா அதுக்கப்புறம் லிவர் கல்லு மாதிரி இறுகும். லிவரை ரெண்டு கோடிக்கும் வேகமா தள்ளிப் பாருங்க, உள்ள கதவு போய் முட்டற டப் சத்தம் ரெண்டு பக்கமும் கேக்கணும். ஒரு பக்கம் கேக்கலைன்னா கேபிளோட வெளி உறையைப் பிடிக்கற கிளிப் நகந்திருக்கு, கதவு பாதியில நிக்குது, அதான் வெதுவெதுப்பு. இதை முதல்ல பாருங்க, ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலைதான்.

ரேடியேட்டர்வாலா:
அதுவும் சரியா இருந்தா தண்ணிப் பக்கம் வாங்க. ஹீட்டர் கோர்ங்கிறது குட்டி ரேடியேட்டர். இன்ஜின்ல சூடான கூலன்ட் ஒரு ஹோஸ்ல உள்ள போய், இன்னொரு ஹோஸ்ல வாட்டர் பம்ப் உறிஞ்சற பக்கம் திரும்பி வரும். இன்ஜின் நல்லா சூடேறினதும் தீச்சுவர்கிட்ட ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க, பேன் பிளேடு, பெல்ட் பக்கம் கை போகாம. ரெண்டும் சுடுதுன்னா தண்ணிப் பக்கம் சரி, கதவு அல்லது காத்துல பிரச்சனை. ஒண்ணு சுட்டு இன்னொண்ணு ஜில்லுன்னு இருந்தா தண்ணி போகலை, வால்வு மூடியிருக்கு, இல்ல கோர் அடைச்சிருக்கு, இல்ல உள்ள காத்து மாட்டியிருக்கு. ரெண்டுமே வெதுவெதுன்னு இருந்தா தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கிச்சு, டெம்பரேச்சர் முள்ளும் கீழயே கிடக்கும் பாருங்க. டீசல் இன்ஜின் ஐடில்ல சூடே ஏறாதுங்கறதையும் கணக்குல வச்சுக்கங்க, நின்ன இடத்துல டெஸ்ட் பண்ணி முடிவு பண்ணாதீங்க.

பழைய வண்டில சூடு குறைக்க ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு தண்ணி வால்வு, லிவரை நகத்தினா கோருக்குப் போற தண்ணியே குறையும். இன்னொண்ணுல தண்ணி எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், கதவுதான் சூடான காத்தையும் குளிர்ந்த காத்தையும் கலக்கும். நிறைய பெரிய லாரில இன்ஜின் மேலயே தனியா ஒரு கைத் திருகு வால்வும் இருக்கும், கோடைல மூடி வச்சுட்டு அதோட மறந்து போன வண்டிங்க ஏராளம். உங்க வண்டில அப்படி ஒண்ணு இருக்கான்னு ஹோஸ் போற வழியைப் பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க.

கோர் அடைப்பு எடுக்க ரெண்டு ஹோஸையும் கழட்டி, தண்ணி வழக்கமா வெளில வர்ற வாய் வழியா உள்ள விட்டு எதிர்த்திசைல அலசணும். மெதுவா விடுங்க, கம்ப்ரஸர் காத்தை முழு ப்ரஷர்ல விட்டா மெல்லிசுக் குழாய் பிளந்துடும், அப்புறம் டாஷ்போர்டையே இறக்கற வேலை ஆயிடும். இன்ஜின் ஆறினதுக்கப்புறம்தான் ஹோஸைக் கழட்டணும்னு சொல்லத் தேவையில்ல, இருந்தாலும் சொல்றேன்.

இதை எல்லா டிரைவரும் மனசுல வச்சுக்கணும்: ஓடிக்கிட்டிருக்கும்போது ஹீட்டர்ல வந்த சூட்டுக் காத்து திடீர்னு ஜில்லுன்னு மாறி, டெம்பரேச்சர் முள்ளு மட்டும் ஏறுச்சுன்னா கூலன்ட் குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். நிறைய வண்டில கோர் உயரத்துல இருக்கறதால தண்ணி முதல்ல அங்கதான் இல்லாமப் போகும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்க. கூலன்ட் சரியா இருந்து மேட்டுல மட்டும் சூடேறினா ஹீட்டரை முழு சூடு முழு பேன்ல போடலாம், அது இன்னொரு ரேடியேட்டரா வேலை செஞ்சு கொஞ்சம் சூட்டை இறக்கும்.

டீசல்புகை:
கண்ணாடில உள்பக்கம் எண்ணெய் மாதிரி பிசுபிசுன்னு படிஞ்சு, துடைச்சாலும் இழுவி, உள்ள இனிப்பா ஒரு வாசனை வந்தா கோர் ஒழுகுது. மிதியடி ஈரமா இருக்கான்னும் பாருங்க. கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் ஆனா விஷம், நாய் பூனை நக்கிடக் கூடாது. அவசரத்துக்கு ரெண்டு ஹோஸையும் ஒண்ணா இணைச்சு கோரைத் தவிர்த்து ஓட்டலாம், ஆனா குளிர்லயும் மழைலயும் கண்ணாடித் தெளிவு இல்லாமப் போயிடும், அதனால அது வீடு போய்ச் சேர மட்டும்.

கேள்விக்குறி:
மழைல கண்ணாடி உள்பக்கம் பனி பிடிக்குதே, அதுக்கு வெளிக்காத்தா உள்காத்தா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

கேபின்காத்து:
வெளிக்காத்து. உள்ள இருக்கறவங்க மூச்சு, நனைஞ்ச துணி, ஈர மிதியடி எல்லாம் கேபின் காத்துல ஈரத்தை ஏத்துது. உள்காத்துல வச்சா அதே ஈரம் சுத்திச் சுத்தி வந்து ஜில்லுன்னு இருக்கற கண்ணாடில படியும். வெளிக்காத்தைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு விட்டா ஈரத்தை ஏத்துக்கற சக்தி அந்தக் காத்துக்கு அதிகம், தெளிஞ்சுடும். ஏசி இருந்தா ஹீட்டரோட அதையும் சேத்துப் போடுங்க, ஏசி காயில்ல ஈரம் வடிஞ்சு போயிடும், அதுக்கப்புறம் ஹீட்டர் சூடாக்கி அனுப்பும். வெளிக்காத்தைச் சூடாக்கி உள்ள கொண்டு வர்ற இந்த யோசனை 1938லயே நாஷ் கார்ல வந்துடுச்சு, அதுக்கு முன்னால ஹீட்டர்னா உள்ள இருக்கற காத்தையே திரும்பத் திரும்பச் சூடாக்கற பெட்டிதான் பெரும்பாலும்.

இன்னொரு விஷயம், யாரும் யோசிக்காதது. காத்து உள்ள வரணும்னா வெளில போகவும் வழி வேணும். கேபின் பின்பக்க மூலைல ரப்பர் மடல் வச்ச ஓட்டைங்க இருக்கும். மேல கார்பெட் போட்டோ சாமானை அடுக்கியோ அதை மூடிட்டா மோட்டார் எவ்ளோ நல்லா இருந்தாலும் காத்து சுரத்தே இல்லாம வரும். ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிப் பாருங்க, உடனே காத்து வேகம் கூடினா அந்த ஓட்டைதான் அடைச்சிருக்கு.

ஒயரிங்_பெட்டி:
வெளிக்காத்துல ஒரு எச்சரிக்கையும் உண்டு. பானெட் பின்விளிம்புல ஒரு நீள ரப்பர் பீடிங் இருக்கும், அது கிழிஞ்சா இன்ஜின் பக்கத்துக் காத்து நேரா அந்தச் சல்லடைக்குள்ள போகும். எக்ஸாஸ்ட் மேனிபோல்டுல கசிவும் சேந்துச்சுன்னா கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள்ள வரும், அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கறது, காரணமில்லாத தூக்கம் இதெல்லாம் வண்டி ஓட்டும்போது மட்டும் வந்தா ஜன்னலைத் திறந்து வண்டியை நிறுத்தி வெளில வந்துடுங்க. ராத்திரி இன்ஜினை ஓட விட்டு ஹீட்டர் போட்டுத் தூங்கற பழக்கம் உள்ளவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

ராத்திரிஓட்டம்:
எனக்கு விடை கிடைச்சுது. ஹோஸைப் பிடிச்சுக்கிட்டே போனா இன்ஜின் பக்கவாட்டுல ஒரு பித்தளை வால்வு, முக்கால்வாசி மூடியிருந்துச்சு, கைப்பிடி இல்லாம வெறும் தண்டு மட்டும் நிக்குது, அதனாலதான் யார் கண்ணுலயும் படலை போல. ப்ளையர் வச்சுத் திறந்ததும் ரெண்டு ஹோஸும் கை வைக்க முடியாத சூடு. ரேடியேட்டர்வாலா அண்ணனுக்கு ரொம்ப நன்றி. இப்ப வேற ஒண்ணு, ஹீட்டரை முழுசா குறைச்சாலும் சூடா வருது, வென்ட்ல இருந்து கறுப்புத் துகள் பறக்குது.

கேபின்காத்து:
அது கதவுல ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு. வயசானா பொடிப்பொடியா உதிரும். பிரச்சனை என்னன்னா சில வண்டில கதவுத் தகட்டுலயே ஓட்டை போட்டு அது மேல ஸ்பாஞ்சை ஒட்டியிருப்பாங்க, ஸ்பாஞ்சு போனதும் கதவு மூடியிருந்தாலும் ஓட்டை வழியா சூடு கசியும். பெட்டியைத் திறக்க முடிஞ்சா பழைய பசையைச் சுரண்டிட்டு, ஓட்டைகளை அலுமினியம் டேப்பால அடைச்சு, ஓரத்துக்கு தண்ணி உறிஞ்சாத ரகம் ஸ்பாஞ்சு ஒட்டுங்க. சாதாரண மெத்தை ஸ்பாஞ்சு ஈரத்தை இழுத்து நாறும். அது வரைக்கும் கோடைல அந்தப் பித்தளை வால்வை மூடி வச்சுக்கலாம், முன்னாடி ஓட்டினவரும் இதுக்காகத்தான் மூடியிருப்பார்.

ரேடியேட்டர்வாலா:
24 வோல்ட் வண்டிக்காரங்க மோட்டார், ரெசிஸ்டர், ரிலே எது வாங்கினாலும் வோல்ட்டைப் பாத்து வாங்குங்க, 12 வோல்ட் மோட்டார் அதே அச்சுல உக்காந்துடும், கொஞ்ச நேரம் பேய் வேகத்துல ஓடிட்டுப் புகையும்.

புதுசாரதி:
எல்லாத்தையும் படிச்சுட்டு உக்காந்து பாத்தேன். வேக்குவம் பக்கம் ஒருவழி வால்வு ரெண்டு பக்கமும் ஊதுது, மாத்தினதும் மேட்டுல காத்து அசையறதே இல்ல, ஐடிலும் நடுக்கம் இல்லாம நிக்குது. பேன் பக்கம், கிளாம்ப் மீட்டர்ல 4ல வச்சா 26 ஆம்பியர் காட்டுது. மோட்டாரைக் கழட்டி வீலைக் கையால சுத்தினா அரை சுத்துல நின்னுடுது, தண்டை ஆட்டினா பக்கவாட்டுல ஆடுது. ரெசிஸ்டர் ப்ளக்ல ஒரு பின் பழுப்பேறியிருக்கு. வீல்ல இலை அவ்வளவா இல்ல. இப்ப மோட்டார்தானே?

ஒயரிங்_பெட்டி:
மோட்டாரேதான், இதுக்கு மேல சந்தேகமே வேண்டாம். உன் சைஸ் மோட்டார் நல்ல நிலைல 4ல இருபதுக்குள்ள நின்னா சரி, 26ன்னா புஷ் போயி இறுகிடுச்சு. மோட்டார், ரெசிஸ்டர், அந்தப் ப்ளக் மூணையும் ஒண்ணா மாத்து, ஒண்ணை விட்டாலும் அது மத்த ரெண்டையும் கெடுக்கும். புது மோட்டாரைப் போட்டதும் 4ல ஓட விட்டு மோட்டார் ப்ளக்லயே வோல்ட் பாரு. பேட்டரில 14 இருந்து அங்க 11தான் வந்துச்சுன்னா வழில 3 வோல்ட் காணாமப் போகுது, சுவிட்ச், ரிலே, எர்த் முனைன்னு ஒவ்வொண்ணா மீட்டர் வச்சுத் தேடு. சில வண்டில சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், அதுல பேன் ஆஃப்ல இருக்கும்போது மோட்டார் ரெண்டு ஒயர்லயும் 12 வோல்ட் காட்டும், குழம்பிடாத.

டீசல்புகை:
மாட்டும்போது ரெண்டு விஷயம் தம்பி. பழைய வீலைப் புது தண்டுல போட்டா அதே ஆழத்துல உக்கார வை, இல்லைன்னா பெட்டியோட உரசும். ரெண்டாவது, ஒயர் மாத்திக் குடுத்துட்டா வீல் எதிர்ப்பக்கம் சுத்தும், அப்பவும் காத்து வென்ட் வழியாத்தான் வரும், உள்ள இழுக்காது, ஆனா பாதி வேகம் கூட இருக்காது. நிறைய பேர் புது மோட்டாரே மட்டம்னு நினைக்கறது இதனாலதான், சுத்தற திசையைப் பாத்துட்டு மூடு.

கேபின்காத்து:
மோட்டார் முதுகுல இருந்து பெட்டிக்குப் போற சின்ன ரப்பர் குழாய் ஒண்ணு இருந்துச்சா? மோட்டார் உள்ள ஆறறதுக்கு அது வழியாத்தான் காத்து போகும். பழசுல இருந்து கழட்டி புதுசுல மாட்டிடுங்க, விரிசல் இருந்தா அதே அளவு ஹோஸ் துண்டு வெட்டிப் போட்டுக்கலாம்.

புதுசாரதி:
இருக்குண்ணே, பழைய மோட்டார்லயே தொங்கிக்கிட்டிருக்கு, ஒரு முனை கிழிஞ்சிருக்கு. ஹோஸ் துண்டு வெட்டி வச்சுட்டேன், மோட்டார் கைக்கு வந்ததும் மாட்டிட்டு ஆம்பியர் எவ்ளோன்னு இங்கயே எழுதறேன்.